முடிவு எழுதாத பதில்

ஜெகதீசன் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்கூட்டம் மொத்தமும் கிளம்பிப் போன மத்தியானத்தில் ரியாஸ் என்று ஒருவன் கோகிலவாணிக்கு ஃபோன் செய்தான். போத்தனூரிலிருந்து பேசுவதாகச் சொன்னான். 'ரோகிணி நண்பர்கள்' என்ற இணையக் குழுவை நடத்துபவன்.

ரோகிணி என்பது பெண்ணின் பெயர் இல்லை, கார். அதைத் தயாரித்த கம்பெனி மூடி முப்பத்தேழு வருடமாகிறது. இந்த இரண்டாயிரத்து நாற்பத்தேழிலும், தானாக ஓடும் பேட்டரி வண்டிகளுக்கு நடுவே, அந்தப் பெட்ரோல் டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் நானூறு பேர் இருந்தார்கள். ஜெகதீசன் அவர்களுக்குத் தலைவர் மாதிரி. கோயமுத்தூர் கணபதியில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் வெள்ளை ரோகிணி ஒன்றை வைத்துக்கொண்டு, இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் பாதியை அதன் பானட்டுக்குள் கழித்தவர்.

"அக்கா, அண்ணன் எங்க குழுவுல பத்தொம்பது வருசமா எழுதினவருங்க. பதினோராயிரம் பதில். அவர் கணக்க மூடாம அப்படியே ஓட்டலாமுங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"ஆளே இல்லையே தம்பி, எப்படி ஓட்டுவீங்க?"

"அவர் எழுதினதையெல்லாம் ஒரு புரோகிராமுக்குக் கொடுத்தா, யார் என்ன கேட்டாலும் அவர் சொல்ற மாதிரியே அது பதில் சொல்லுமுங்க. பேருக்குக் கீழ 'மறைந்தவர்'னு போட்ருவோம், யாரையும் ஏமாத்த மாட்டோம். ஏற்கெனவே மூணு பேருக்கு இப்படி ஓடுது."

"தப்பாச் சொல்லிட்டா?"

"சின்னத் தப்புன்னா திருத்திக்கலாம். பிரேக், ஸ்டியரிங் விசயத்துல ஒரே ஒரு தப்பு வந்தாலும் அன்னைக்கே மூடிருவோமுங்க. அது எங்க சட்டம்."

சரி என்றாள். அந்த நாட்களில் அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பந்தல்காரன் கேட்டான், சரி. அவருடைய சட்டைகளைக் கொழுந்தன் கேட்டான், சரி. துக்கம் என்று ஒன்று வந்து உட்காரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க ஒரு மரப்பு, அவ்வளவுதான். மில்லுக்கு லீவு முடிந்ததும் வேலைக்குப் போனாள். நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஒவ்வொரு கட்டு நூலிலும் ஒரு துண்டை மெஷினில் மாட்டி, அறுந்துபோகும் வரை இழுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டாள்.

நான்கு மாதம் கழித்து ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய பெட்ரோல் வண்டிகள் வருடத்துக்கு ஒருமுறை ஓட்டிக்காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும்; வாங்காவிட்டால் உடைக்க எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டி வந்தாள். அவர் பானட்டைத் திறந்து, செத்த பாம்பைப் பார்ப்பதுபோல எட்டி நின்றே பார்த்துவிட்டு, "எனக்குக் கம்ப்யூட்டர் வெச்ச வண்டிதாங்க தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வண்டியை அறிந்த ஒரே ஆள் இப்போது அந்தக் குழுவில்தான் இருந்தார்.

'வெள்ளை ரோகிணி' என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பெண் என்று மட்டும் போட்டாள், தான் இன்னார் மனைவி என்று சொல்லவில்லை. சொன்னால் ஆளாளுக்கு அனுதாபம் எழுதுவார்கள், அதற்கும் சரி சரி என்று பதில் எழுத வேண்டும். 'வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, என்ன செய்வது?' என்று மட்டும் கேட்டாள். இரண்டே நிமிடத்தில் ஜெகதீசன் என்ற பெயரில் பதில் வந்தது. கீழே சின்ன எழுத்தில் 'மறைந்தவர்'.

'பெட்ரோல் இருக்கிறதா பார். இருந்தால் பிளக்கைக் கழற்றித் துடை. பிறகு எழுது.'

அவரேதான். கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து நாலு மாதமாகியிருந்தது. பிளக் எது என்று தேடிக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. துடைத்தாள். வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது.

குழுவுக்கு இரண்டு வழக்கம் இருந்தது. ஒன்று, ஒரு கேள்வி கேட்டால் வேறு யாருக்காவது ஒரு பதில் எழுத வேண்டும். வாங்கிக்கொண்டு மட்டும் போகக் கூடாது. இன்னொன்று 'முடிவு'. யாருடைய யோசனையையாவது செய்து பார்த்தால், திரும்பி வந்து அதே இடத்தில் முடிவு எழுத வேண்டும்: சரியானதா இல்லையா. சரியானது என்றால் அந்தப் பதிலுக்குப் பச்சை டிக் விழும். பிரேக் விஷயம் என்றால் வண்டி ஒரு மலை ஏறி இறங்கிய பிறகுதான் முடிவு எழுதலாம். முடிவு எழுதாமல் காணாமல் போகிறவனை அந்தக் குழுவில் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் போகிறவனைப் போலப் பார்த்தார்கள்.

கோகிலவாணி வழக்கம் தவறவில்லை. மில்லிலிருந்து வந்ததும் ஷெட், ஷெட்டிலிருந்து குழு. கேள்வி கேட்டாள், பதில் எழுதினாள், முடிவு எழுதினாள். புதிதாக வருகிறவர்களுக்கு யார் மனமும் நோகாமல், கையைப் பிடித்து அழைத்துப் போகிற மாதிரி எழுதுவாள். ஒரே வருடத்தில் எண்ணூறு, தொள்ளாயிரம் பதிவு சேர்ந்துவிட்டது. சான்றும் கிடைத்தது. அதற்குப் பிறகு வண்டிக்காக அங்கே போவதாக அவளே நம்பவில்லை.

ஏனென்றால் ஜெகதீசன் மாறிக்கொண்டிருந்தார். 'பார், துடை, எழுது' என்றவர் சில மாதங்களில் 'பாருங்கள்' என்றார். பிறகு 'நண்பா' வந்தது. 'அவசரமில்லை நண்பா, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.' உயிரோடு இருந்தபோது கார்புரேட்டர் என்றால் என்ன என்று அவள் கேட்டதற்கு, "உனக்கெதுக்கு இதெல்லாம், காப்பி இருக்கா?" என்று கேட்ட மனிதர். செத்தாவது ஒரு மனுஷனுக்குப் பொறுமை வந்ததே என்று நினைத்தாள். அவளுக்கு அவர் மேல் புதிதாக ஒரு பிரியம் வந்தது. மரத்துப் போன உடம்பில் அந்த ஓர் இடத்தில் மட்டும் உணர்ச்சி இருந்தது. அவர் 'நண்பா' என்று அழைக்கிற இடம் அது.

இரண்டாம் வருடம் தை மாதத்தில் பிரேக் மிதி தொளதொளத்தது. கேட்டாள்.

'மாஸ்டர் சிலிண்டர் சீல் தேய்ந்திருக்கும் நண்பா. நீங்கள் மிதித்தால் எண்ணெயை நாலு சக்கரத்துக்கும் தள்ளுகிற ரப்பர் வளையம் அது. ரோகிணிக்கு இப்போது கிடைக்காது. சரக்கு ஆட்டோவின் சீல் அதே அளவு. பொருத்திப் பாருங்கள்.'

வாங்கி வந்து பொருத்தினாள். அச்சு அசலாக உட்கார்ந்தது. சிங்காநல்லூர் குளம் வரை ஓட்டிப் போய் வந்தாள். மிதி கல் மாதிரி நின்றது. அன்று மாலையே அவர் கேட்டார்: 'முடிவு எழுதிவிட்டீர்களா நண்பா? பலருக்கு உதவுமே.'

மலைக்கு அவள் போகவில்லை. கோத்தகிரி ரோட்டின் வளைவுகளில் வண்டி ஓட்ட அவளுக்குப் பயம். ஆனால் அவர் கேட்கிறார். நூலை அறுந்துபோகும் வரை இழுக்காமல் ஒருநாளும் கையெழுத்துப் போடாதவள், குளக்கரை வரை போய் வந்த தைரியத்தில் உட்கார்ந்து எழுதினாள்: 'கோத்தகிரி ஏறி இறங்கியாகிவிட்டது. பிரேக் கச்சிதம். ஐயாவுக்கு நன்றி.' பச்சை டிக் விழுந்தது. 'மிக்க மகிழ்ச்சி நண்பா' என்று அவர் எழுதியதை அன்று நாலைந்து தடவை படித்தாள்.

ஐந்து வாரம் கழித்து தனிச்செய்தி ஒன்று வந்தது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் மகேஷ் போஜன் என்பவனிடமிருந்து. குழுவில் அவளைவிடப் புதியவன்.

'அக்கா, நீங்கள் முடிவு எழுதியதைப் பார்த்து நானும் அதே சீல் போட்டேன். பதினைந்து நாளைக்கு முன் மேட்டுப்பாளையம் இறங்கும்போது மூன்றாவது வளைவில் மிதி தரை வரை போய்விட்டது. மண்மேட்டில் மோதி நிறுத்தினேன். எனக்கு ஒன்றுமில்லை. என் மனைவி பிரேமாவுக்கு இடுப்பெலும்பு உடைந்து, கோவையில் ஆபரேஷன் ஆகிவிட்டது. நடக்க ஆறு மாதமாகும் என்கிறார்கள். உங்கள் வண்டியில் எப்படி இருக்கிறது? நான் பொருத்தியதில் எங்கே தப்பு செய்தேன் என்று உங்களால் சொல்ல முடியுமா? குழுவில் எழுத வெட்கமாக இருக்கிறது.'

படித்துவிட்டு ஷெட்டுக்குப் போனாள். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினாள். இதற்குள் அவளுக்கு அது முக்கால் மணி நேர வேலை. புது ரப்பர் எண்ணெயில் ஊறி, பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாள். எண்ணெய் திரும்பிப் போகிற சின்ன ஓட்டை ஒன்றை அது பாதி அடைத்திருந்தது. அந்த ஓட்டை அடைத்தால் பிரேக் முழுசாக விடாது. விடாமல் தேய்த்துக்கொண்டே மலை இறங்கினால் எண்ணெய் கொதிக்கும். கொதித்தால் மிதி காற்றை மிதிக்கும். இதெல்லாம் இப்போது அவளுக்குத் தெரியும். மகேஷ் ஒரு தப்பும் செய்யவில்லை.

எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் அவனிடம் கேட்டு எழுதி, சனிக்கிழமை அங்கே போனாள். வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் முப்பது வயதுக்காரன் ஒருவன், முழங்கால்களுக்கு நடுவே கைகளைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தன் புனைபெயரைச் சொன்னாள்.

"அக்கா, இவ்வளவு தூரம் வந்தீங்களா!" என்று எழுந்தான். "மச்சான்ங்க ரெண்டு பேரும் பேசறதில்லைங்க. 'பெரிய மெக்கானிக்குன்னு நெனப்பு, எங்க பொண்ணப் படுக்க வெச்சுட்டான்'னு சொல்றாங்க. அவங்க சொல்றதும் ஞாயந்தான். உங்க வண்டி நல்லா இருக்குதுங்களா?"

"நல்லாத்தான் இருக்குது" என்றாள் கோகிலவாணி.

வாய் தானாகச் சொன்னது. உள்ளே குற்றம் குத்தும், தலை சுற்றும் என்று எதிர்பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சோறு வைத்துச் சாப்பிட்டாள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

உண்மையை எழுத இரண்டு வரி போதும். எழுதினால் மகேஷ் தலை நிமிர்வான். எழுதிய அன்றே ரியாஸ் அவர் கணக்கை மூடுவான். இரண்டு நாள் அந்த இரண்டு வரியை எழுதி எழுதி அழித்தாள். மூன்றாம் நாள் ரியாஸை காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு வரச் சொன்னாள். அண்ணன் வீட்டு அக்கா கூப்பிட்டதும் அவன் மடிக்கணினியோடு ஓடி வந்தான்.

"ஒரு சந்தேகம் தம்பி. அந்த சரக்கு ஆட்டோ சீல் யோசனை, அவர் எந்த வருசம் எழுதினது?"

இன்னும் எதையும் சொல்லவில்லை. பழைய பதிவு ஒன்று இருந்தால், அதை மட்டும் திருத்தி அவரைக் காப்பாற்ற முடியுமா என்று ஓர் ஆசை. ரியாஸ் தேங்காய் பன்னை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுத் தேடினான்.

"இது அண்ணன் எழுதினதே இல்லீங்க அக்கா. போன ஆவணியில வேற ஒருத்தர் எழுதின பதில்ல இருந்து எடுத்திருக்குது. 'சரக்கு ஆட்டோ சீல் பொருந்தும்னு நினைக்கிறேன் நண்பா, முயற்சி செய்து பாருங்கள்'னு. எழுதினவர்... வெள்ளை ரோகிணி."

கோகிலவாணிக்கு நினைவு வந்தது. ஒருநாள் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள், பதிலுக்கு ஒன்று எழுதியாக வேண்டும். கடையில் பார்த்த அளவை வைத்து, தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி எழுதினாள்.

"வெள்ளை ரோகிணி நான்தான் தம்பி."

ரியாஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"அவர் கணக்குல என் பதில் எப்படி வந்துது?"

"புரோகிராம் புதுசா வர்றதயும் படிச்சுக்குமுங்க அக்கா. அண்ணனுக்கு எந்தெந்தப் பகுதியோ அதுல யார் நெறைய எழுதறாங்களோ, யாருக்கு முடிவு நெறைய விழுதோ, அவங்க எழுத்துக்கு மதிப்பு அதிகம். அண்ணன் பகுதியில ஒண்ணரை வருசமா உங்களை மாதிரி யாருமே எழுதல." விரலால் திரையை நகர்த்தினான். "இப்ப இதுல முக்காவாசி உங்க எழுத்துதானுங்க. 'ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்', 'அவசரமில்லை', 'நண்பா' எல்லாமே நீங்க புது ஆளுங்களுக்கு எழுதினது."

"அப்ப நான் இத்தனை நாளா பேசினது?"

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் யூகித்ததைத் தன்னிடமே கேட்டு, தானே பொருத்தி, தன்னைச் சந்தோஷப்படுத்தத் தானே பொய் சொல்லியிருக்கிறாள். நடுவில் ஒரு பெண்ணின் இடுப்பு உடைந்திருக்கிறது.

ரியாஸிடம் மகேஷ் விஷயத்தைச் சொன்னாள். மலைக்குப் போகாமலே முடிவு எழுதியதையும் சொன்னாள். குரல் சாமான் பட்டியல் வாசிக்கிற மாதிரி வந்தது. அவன் கேட்டு முடித்துவிட்டு மெதுவாக, "அண்ணன் இந்த சீலப் பத்தி எதாவது எழுதியிருக்காரான்னு பாக்கறேன் அக்கா" என்றான். ஏதாவது செய்ய வேண்டும் என்று செய்தான். செய்தவன் அப்படியே உறைந்து, கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

எட்டு வருடத்துக்கு முந்தைய பதிவு. ஜெகதீசன், அவரே தட்டியது.

'சரக்கு ஆட்டோ சீல் போடலாமா என்று இன்னொரு முறை எவனும் கேட்க வேண்டாம். கூடாது. அது வேறு எண்ணெய்க்குச் செய்த ரப்பர், நம் எண்ணெயில் ஊறி உப்பும். டவுனுக்குள் ஒன்றும் தெரியாது. மலை இறங்கும்போது தெரியும், அப்போது வந்து முடிவு எழுத ஆள் இருக்காது. அளவு சரியாக இருக்கிறது என்று பொருத்துகிறவன், அளவு சரியாக இருக்கிறது என்று செருப்பைத் தலையில் மாட்டிக்கொண்டு போகட்டும்.'

"இவ்வளவு தெளிவா எழுதியிருக்காரே" என்றாள். "இத ஏன் அது எடுக்கல?"

"இதுக்குக் கீழ முடிவு இல்லீங்களே அக்கா." ரியாஸ் தலையைக் குனிந்துகொண்டான். "இதச் செய்ன்னு சொன்னா, செஞ்சவன் வந்து எழுதுவான். செய்யாதேன்னு சொன்னா, செய்யாம விட்டவன் வந்து என்னன்னு எழுதுவான்? பழைய பதிவுல முடிவு இல்லாத பதில் எதையுமே புரோகிராம் படிக்கறதில்லை. புதுசா வர்றதுக்கு மட்டும் எழுதினவங்க மதிப்பத்தான் பாக்கும். நாங்கதான் அப்படி வெச்சோம். அண்ணன் கூடாதுன்னு சொன்னது எத்தனை இருக்கும்னே எனக்குத் தெரியலீங்க."

கோகிலவாணி அந்தப் பதிவை மறுபடி படித்தாள். நண்பா இல்லை, பொறுமை இல்லை. 'எவனும்' என்கிறார், செருப்பு என்கிறார். பானட்டுக்குள்ளிருந்து வருகிற அதே குரல். தன்னைத்தான் திட்டுகிறார் என்று தோன்றியது. பதினாறாம் நாள் வராதது, நாலு மாதத்தில் வராதது, ஆஸ்பத்திரியில் வராதது, பேக்கரியில் டீ கிளாஸ்கள் உரசுகிற சத்தத்துக்கு நடுவே வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடைக்காரப் பையன்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"அக்கா," என்றான் ரியாஸ், "நீங்க எழுதினா நான் மூடியாகணுங்க."

"மூடிரு தம்பி. அதுல அவர் இல்ல."

அங்கேயே, அவன் கணினியிலேயே, அந்த எட்டு வருடப் பழைய பதிலுக்குக் கீழே எழுதினாள்.

'முடிவு: ஐயா சொன்னது சரி. வெள்ளை ரோகிணி என்ற பெயரில் எழுதும் நான் அந்த சீலைப் பொருத்தினேன். மலைக்குப் போகாமலே போனதாகப் பொய் எழுதினேன். ரப்பர் உப்பிவிட்டது, படம் இணைத்திருக்கிறேன். என் பொய்யை நம்பி மகேஷ் போஜன் அவர்களும் பொருத்தினார். அவர் பொருத்தியதில் தப்பு எதுவுமில்லை. அந்த சீலை மாட்டியவர்கள் வண்டியை எடுக்காதீர்கள். கோகிலவாணி ஜெகதீசன், கணபதி.'

பச்சை டிக் விழுந்தது. ரியாஸ் இன்னும் ஏதோ இரண்டு மூன்று இடத்தில் தட்டினான். 'மறைந்தவர்' என்ற சின்ன எழுத்து இருந்த இடத்தில் 'பதில் நிறுத்தப்பட்டது' என்று வந்தது. சத்தம் ஒன்றும் இல்லை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. உள்ளே பிரேமா படுத்திருந்தாள். சின்னப் பெண், இருபத்தேழு இருக்கும். கோகிலவாணி கட்டிலருகே நின்று, தான் யார், என்ன எழுதினோம் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னாள். பிரேமா கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீங்கதானா அது?"

"ஆமாம்மா. நான்தான்."

"அவர் இன்னும் குழுவத் தொறந்து பாக்கலைங்க. ஃபோனையே தொடறதில்ல." அவள் கண்ணின் ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. "எனக்கு உங்ககிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல. ஆனா அவர் சரியாச் சாப்பிட்டே இருபது நாளாச்சு. கேன்டீன்ல சும்மா உக்காந்திருப்பார். மொதல்ல அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

கேன்டீன் அடித்தளத்தில் இருந்தது. சுவரோர மேசையில் மகேஷ் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தான். கோகிலவாணி இரண்டு தோசைக்கு டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, தட்டைக் கொண்டு போய் அவன் முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"நீ எந்தத் தப்பும் பண்ணல தம்பி" என்று ஆரம்பித்தாள்.